காற்றில் இறுக்கிய பதினெட்டு போல்ட்டுகள்

"அத்தான், இன்னும் பதினொரு நிமிசம்."

ட்ரக்கின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்த எனக்கு என் மைத்துனன் குகனின் செருப்பும் கணுக்காலும் மட்டுமே தெரிந்தன. அவன் கையில் கைத்தொலைபேசி. அதில் பஞ்சாங்கம்.

"பதினொரு நிமிசத்திலை என்ன நடக்கும்?"

"இராகுகாலம் தொடங்கும். கடைசி நட்டை அதுக்கு முன்னம் இறுக்கிப்போட வேணும். அக்காவின்ரை முதுகு விசயம் அத்தான். விளையாடாதேங்கோ."

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். மொன்றியால் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் குகன் வீட்டு வாசலில் நாலு இரும்புத் தாங்கிகளின் மேல் எங்கள் பழைய ட்ரக் அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டில் புல் வெட்டிய வாசம். அதற்கு மேலாக, சுட்ட பெயிண்ட் வாசம். அது எங்கள் தயாரிப்பு.

சாதாரண ஊர்களில் இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம். மொன்றியால் கோடையில் பகல் நீளம் என்பதால் அது கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஓடும். இராகுவுக்கும் இங்கே கூடுதல் நேர வேலை இருக்கிறது.

மறுபக்கத்தில் படுத்திருந்த மரியநாயகம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மன்னாரைச் சேர்ந்தவர், இரும்பு ஒட்டும் வேலைக்காரர், காலைப் பூசை கண்டுவிட்டு வந்தவர். "அண்ணை, என்ன செய்வம்?"

"இறுக்குவம்" என்றேன்.

இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர், சரியான அளவு வந்ததும் "டக்" என்று சொல்லும். முன்னுக்கு எட்டு டக். பின்னுக்குப் பத்து. பதினெட்டாவது டக் கேட்டபோது இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. குகன் "அரோகரா" என்றான். மரியநாயகம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எந்தப் பக்கத்திலும் குறை வைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

நான் வெளியே ஊர்ந்து வந்து, துணியில் கையைத் துடைத்து, வெற்றி பெற்றவனாகச் சிரித்தேன். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் செய்ததை என்னிடம் வேலை பார்த்த எவனாவது செய்திருந்தால், அன்றைக்கே எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பேன்.

ஒரு ஸ்குருவுக்குப் பதினொரு பக்கம்

நான் ஓய்வு பெற்றது விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து. பாகம் எதையும் நான் செய்யவில்லை. பாகத்தை எப்படிச் செய்வது என்று எழுதினேன். முதலில் எது, அடுத்தது எது, எதைத் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் யாரிடம் சொல்வது.

ஒரு சிறிய ஸ்குருவை இறுக்குவதற்கு நான் எழுதிய ஒழுங்குமுறை பதினொரு பக்கம். அதில் மூன்று பக்கம் கையுறை பற்றியது. இளம் பொறியியலாளர்கள் சிரித்தார்கள். அந்த ஸ்குரு இருக்கும் விமானத்தில் ஏறும்போது யாரும் சிரிப்பதில்லை என்று நான் சொன்னேன்.

ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கேக் வெட்டினார்கள். கத்தி பிடித்த விதம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது என் பெருந்தன்மை.

அதன் பிறகு எழுதுவதற்கு வீடுதான் இருந்தது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கோப்பைகளை அடுக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி அதன் மேல் ஒட்டினேன். அடுத்த நாள் அதற்குக் கீழே என் மனைவி யோகத்தின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "அப்ப நீங்களே அடுக்குங்கோ." அன்றிலிருந்து நான்தான் அடுக்குகிறேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் பனி வழிக்கும் முறையைப் பற்றி எழுதியபோது, ஒரு வாசகி "உங்கள் மனைவிக்கு என் அனுதாபங்கள்" என்று கடிதம் எழுதியிருந்தார். யோகம் அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சிரிக்கும் ஸ்பிரிங்

ட்ரக்கின் ஸ்பிரிங்குகளைப் பற்றி எனக்கு முதலில் கற்றுத் தந்தது எந்தப் பொறியியல் வகுப்பும் அல்ல, ஜான்-டலோன் சந்தை.

இந்த நகரத்துக்கு வந்த புதிதில், படித்த சான்றிதழ்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, விடியற்காலையில் அந்தச் சந்தையில் முட்டைக்கோவாப் பெட்டி இறக்கினேன். நாள் முழுக்க இறக்கியபின், விற்காததைத் திரும்ப ஏற்ற வேண்டும். பிரெஞ்சில் எனக்கு நூறு வரை எண்ணத் தெரிந்தது பெட்டிகளால்தான்.

என்னை வேலைக்கு வைத்திருந்த, கோவா பயிரிடும் கமக்காரரிடம் ஒரு பிக்கப் இருந்தது. அதன் பின்சில்லுகளுக்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உருக்குப் பட்டைகள். இரண்டு முனையும் மேலே வளைந்து, சிரிக்கிற வாய் போல இருக்கும். பெட்டி ஏற ஏறச் சிரிப்புக் குறையும். பிறகு நேர்கோடாகும். அதற்கு மேலும் ஏற்றினால் வாய் கீழ்நோக்கி வளைந்து அழத் தொடங்கும்.

"இதுக்கு மேலை ஏத்தாதேங்கோ" என்று ஒரு நாள் எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களையும் கைகளையும் வைத்துச் சொன்னேன். அவர் இன்னும் ஆறு பெட்டி ஏற்றினார். சந்தை வாசலைத் தாண்டும்போது ஒரு பட்டை படீரென்று முறிந்தது. மறுநாளிலிருந்து பெட்டி ஏற்றும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஸ்பிரிங்கின் முகத்தைப் பார்ப்பேன்.

பட்டை ஸ்பிரிங் நல்ல வேலைக்காரன். வண்டியின் பாரத்தையும் தாங்கும், சில்லுகளை இணைக்கும் அச்சை அதன் இடத்திலும் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அது கோவாவுக்காகச் செய்யப்பட்டது. கோவாவுக்கு முதுகெலும்பு இல்லை.

யோகத்தின் ஒன்பது கிலோமீட்டர்

எங்கள் ட்ரக்குக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஜப்பானில் பிறந்தது. காட்டுப் பாதைக்கென்றே உயரமாகச் செய்யப்பட்டது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். கியூபெக் வீதிகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் உப்பு, அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று துருவால் ஒட்டி ஒரே இரும்புக் கட்டையாக்கிவிட்டிருந்தது.

அதை நாங்கள் வைத்திருந்தது ஒரே காரணத்துக்காக. வடக்கே இரண்டரை மணித்தியாலத் தூரத்தில், ஒரு சிறிய ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு மரவீடு உண்டு. கடைசி ஒன்பது கிலோமீட்டர், காட்டு மரம் ஏற்றுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போன கல்லுப் பாதை. இடையில் பாலமில்லாத ஒரு ஓடை. கார் போகாது.

அந்த ஏரியில்தான் யோகம் ஐம்பத்தைந்து வயதில் நீந்தப் பழகினார். யாழ்ப்பாணத்தில் கடலுக்கு அரை மைல் தூரத்தில் வளர்ந்து, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர். இங்கே ஒரு கோடையில் என்னிடம் சொல்லாமல் இறங்கினார். அடுத்த கோடையில் மிதந்தார். அதற்கடுத்த கோடையில், நடு ஏரியில் ஒரு தலை மட்டும் தெரிய, "இஞ்சேருங்கோ, சோத்தை இறக்குங்கோ" என்று சத்தம் வந்தது.

மூன்று குளிர்காலத்துக்கு முன் வாசற் பனியில் வழுக்கி விழுந்தார். முதுகில் சத்திர சிகிச்சை. இரண்டு எலும்புகளை நான்கு ஸ்குருவால் பிணைத்தார்கள். எவ்வளவு இறுக்கத்தில் என்று நான் கேட்டேன். "போதுமான அளவு" என்று டாக்டர் சொன்னார். என் தொழிலில் அது பதிலே அல்ல. ஆனால் யோகம் நடந்தார், ஆகவே மன்னித்துவிட்டேன்.

நீந்துவது மிகவும் நல்லது என்றார் டாக்டர். ஆனால் குலுக்கம் கூடாது. அந்தக் கோடையில் ஒரு தடவை முயன்றோம். கல்லுப் பாதையில் முந்நூறு மீட்டர் போகவில்லை. யோகம் கதவுக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, உதடு வெளுத்து, "திருப்புங்கோ" என்றார். அடுத்த கோடையில் கேட்கவே இல்லை.

நகரத்து நீச்சல்குளத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போனேன். "மருந்து மணக்குது" என்று திரும்பி வந்துவிட்டார்.

இந்த வருடம் பனி உருகியதும், ஏரிக்கரையில் பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் இடத்தை வாங்க விருப்பம் என்று கடிதம் அனுப்பினார்.

"குடுத்துப்போடுங்கோ" என்றார் யோகம், கறிக்கு வெங்காயம் வெட்டியபடி. "போகேலாத இடத்தை வைச்சு என்ன செய்யிறது?"

"இலையுதிர்காலம் வரை பொறும்."

"என்ன, அதுக்குள்ளை எனக்குப் புது முதுகு முளைக்கப்போகுதோ?"

"உமக்கில்லை. ட்ரக்குக்கு."

வெட்டி ஒட்டுதல்

சுருள் ஸ்பிரிங் பார்ப்பதற்கு எளிமையானது: ஒரு தடித்த உருக்குக் கம்பி, சுற்றிச் சுற்றி மேலே போகும். மெத்தென்று அமுங்கும், மெத்தென்று எழும்பும். ஆனால் பாரத்தைத் தாங்குவதோடு அதன் வேலை முடிந்தது. அச்சு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால், அது எங்கள் பிரிவு அல்ல என்று கவுண்டரில் இருப்பவர் போலச் சொல்லிவிடும்.

ஆகவே பட்டைகளைக் கழற்றிவிட்டுச் சுருளைச் செருகினால் போதாது. அச்சை முன்பின் நகராமல் பிடிக்க நீண்ட இரும்புக் கைகள் வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கக் குறுக்கே ஒரு தடி. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு றப்பர் உருளை, அதன் நடுவே ஒரு போல்ட். சில்லு மேலும் கீழும் போகும்போது அந்த றப்பர் முறுகிக் கொடுக்கும். வாசகர் இந்த ஒரு வசனத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம். மற்றதை மறந்தாலும் பாதகமில்லை.

அதே ட்ரக்கின் பிற்கால மாதிரி சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. பக்கத்து நகரமான லவாலில் ஒரு பழைய வாகனக் கிடங்கில் அதன் அச்சுகளையும் கைகளையும் கண்டுபிடித்தேன். ஸ்பிரிங்குகளை மட்டும், ட்ரக்கின் நான்கு மூலைகளையும் தனித்தனியே எடை நிறுத்து, கணக்குப் போட்டு, புதிதாக எடுப்பித்தேன்.

மரியநாயகம் லவாலில் ட்ரெய்லர் ஒட்டும் பட்டறையில் பாதி நாள் வேலை செய்கிறவர். வந்தார். சேஸியைத் தட்டிப் பார்த்தார். நான் தயாரித்த ஐம்பத்திரண்டு படி ஒழுங்குமுறையை, நாற்பத்துமூன்று பக்கம், ஒரு கையில் வைத்து எடை பார்த்தார்.

"அண்ணை, இது பறக்கிறதில்லைத்தானே?"

"பறக்கக்கூடாது எண்டுதான் எழுதினது."

பழைய ஸ்பிரிங் தாங்கிகளை வெட்ட நான்கு நாள். நெருப்புப் பொறி குகனின் புல்லில் விழாதபடி நான் தண்ணீர்க் குழாயோடு நின்றேன். இருபத்தாறாம் படி. பிறகு புதிய தாங்கிகளை அளந்து, நூல் கட்டி, மூலைவிட்டம் பார்த்து, மறுபடி அளந்தேன். ஒட்டுவதற்கு முன் மரியநாயகம் தன் முகமூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த மாதா படத்தை விரலால் தொடுவார். அந்த ஒட்டுகளைப் பார்க்க வேண்டும். ஒழுங்காக அடுக்கிய நாணயங்கள் போல, ஒன்றின் மேல் ஒன்று பாதி படிந்து. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் வாழ்நாள் முழுக்க எழுதியதை இந்த மனிதர் வாசிக்காமலே செய்துகொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது. குகனின் பஞ்சாங்கம் வந்தது.

நான் இராகுவையும் கேதுவையும் நம்புகிறவன் அல்ல. என் சொந்தக் கலியாணத்தையே ஐயர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்திச் செய்தவன். ஆனால் "அக்காவின்ரை முதுகு" என்று அவன் சொன்னபோது என் கை ஸ்பானருக்குப் போனது. பதினொரு பக்கமும் ஐம்பத்திரண்டு படியும் ஒரு கணத்தில் எங்கேயோ போய்விட்டன. மிஞ்சியது பயம் ஒன்றுதான்.

நாலு எலுமிச்சம்பழம்

மாற்றம் செய்த வண்டியைப் பரிசோதிக்காமல் வீதியில் விடக்கூடாது. மரியநாயகத்தின் பட்டறை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். பரிசோதகர் ஒரு பெண். தலைமயிரைப் பின்னி முடிந்திருந்தார். நான் "பொன்ஜூர்" சொல்லி நாற்பத்துமூன்று பக்கத்தையும் நீட்டினேன். அவர் அதை வாங்கி, தன் கோப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு, டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே போனார். நீண்ட நேரம் இருந்தார்.

வெளியே வந்து மரியநாயகத்தைப் பார்த்து, "சே ப்ராப்ர்" என்றார். சுத்தமான வேலை என்று அர்த்தம். பிறகு பம்பரைக் கையால் அமுக்கிப் பார்த்து, பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே என்றார். புதிய ஸ்பிரிங், பழக வேண்டும் என்று நான் சொன்னேன். கையொப்பம் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை குகன் ட்ரக்கை முருகன் கோயிலுக்குக் கொண்டுவரச் சொன்னான். ஐயர் மாலை போட்டு, சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். யோகம் புடவையோடு வந்து, குகன் பிடித்த ஸ்டூலில் கால் வைத்து ஏறி, முன்சீட்டில் இருந்தார். கோயிலுக்கு வந்த சனம் சுற்றி நின்றது. நான் ட்ரக்கை மெதுவாக நகர்த்தினேன். எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. எல்லோரும் சிரித்தார்கள்.

கோயில் வாசலைத் தாண்டி செயின்ட்-ரேஜிஸ் வீதியில் இறங்கும் இடத்தில் ஒரு குழி. மொன்றியால் கணக்கில் அது குழியே அல்ல. ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு.

முன்சில்லு அதில் இறங்கியது. மரக்கதிரையை மாடிப்படியில் போட்டது போல ஓர் அடி. யோகம் கண்ணை மூடினார். வலது கை டாஷ்போர்டை அழுத்தியது. நான் ஓரமாக நிறுத்தினேன்.

"குகனை வரச் சொல்லுங்கோ" என்றார். "அவன்ரை காரிலை போறன்."

குகன் தேங்காய்த் தட்டத்தோடு ஓடி வந்து அக்காவை இறக்கினான். யோகம் போகும்போது திரும்பி, "பக்கத்து நிலத்துக்காரருக்குக் கடிதம் எழுதுங்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் மிக மென்மையாகச் சொன்னார்.

குற்றவாளியைத் தேடி

முதல் சந்தேகம் ஸ்பிரிங். கணக்கை மூன்று தடவை போட்டேன். சரியாக இருந்தது. இரண்டாவது சந்தேகம் சில்லுக் காற்று. சரி. ட்ரக் இருக்க வேண்டிய உயரத்தைவிட இரண்டு விரல் உயரத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஏதோ ஒன்று அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது சந்தேகம்தான் நான் வெட்கப்பட வேண்டியது. மரியநாயகத்துக்கு ஃபோன் எடுத்து, தாங்கிகளை இடம் மாறி ஒட்டிவிட்டீரோ என்று கேட்டேன்.

மறுமுனையில் அவர் ஒட்டும் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணை, நூல் பிடிச்சது ஆர்?"

"நான்."

"கோடு கீறினது?"

"நான்."

"நான் உங்கடை கோட்டிலைதான் ஒட்டினனான். கோடு நடந்து போயிருந்தால் எனக்குத் தெரியாது." ஃபோனை வைத்துவிட்டார்.

நான் போய் மறுபடி அளந்தேன். அவருடைய ஒட்டு ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை.

அன்று பின்னேரம், பக்கத்து நிலத்துக்காரருக்கான கடிதத்தை எழுதுவதற்குக் காகிதம் தேடினேன். கைக்குக் கிடைத்தது என் சொந்த ஒழுங்குமுறையின் பிரதி. பின்பக்கத்தில் எழுதலாம் என்று திருப்பினேன். திருப்பும்போது கண்ணில் பட்டது முப்பத்தைந்தாம் பக்கம். நாற்பத்தோராம் படி. சிவப்பு எழுத்தில், கீழே கோடிட்டு, நானே எழுதியது:

"றப்பர் மூட்டுகளின் போல்ட்டுகளை, ட்ரக் தன் சொந்தப் பாரத்தில் சில்லுகளின் மேல் நிற்கும்போது மட்டுமே இறுக்குக. அந்தரத்தில் நிற்கும்போது இறுக்கலாகாது."

காரணத்தையும் நானே எழுதியிருந்தேன். அந்தரத்தில் அச்சு கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கினால், றப்பர் அதுவே தன் இயல்பான இருப்பு என்று பிடித்துக்கொள்ளும். பிறகு ட்ரக்கைத் தரையில் இறக்கினால் பதினெட்டு றப்பரும் முறுகிக்கொண்டு, திரும்பக் கீழே தொங்கப் பார்க்கும். சுருள் ஸ்பிரிங் பாவம், அமுங்க முடியாமல் நிற்கும்.

ட்ரக்கை இறக்க அரை மணித்தியாலம் வேண்டியிருந்தது. இராகு தந்தது பதினொரு நிமிடம். உலகத்தில் நல்ல நேரத்துக்காக ஒரு ட்ரக்கின் பதினெட்டு மூட்டுகளையும் காற்றில் வைத்து இறுக்கிய கூட்டம் எங்களைத் தவிர வேறு இருக்காது.

மரியநாயகத்துக்கு மறுபடி ஃபோன் எடுத்தேன். வாசித்துக் காட்டினேன். முதலில் இருமல் என்று நினைத்தேன், சிரிப்பு.

"அண்ணை, வேதக்காரன், மாதாவைக் கும்பிடுறவன் எனக்கு இராகு இல்லை. நீங்களோ கும்பிடாத ஆள். அப்ப ஆருக்குப் பயந்து இறுக்கினனாங்கள்?"

"மன்னியும் மரியநாயகம். உம்மிலை பழி போட்டிட்டன்."

"அதை விடுங்கோ. புதன்கிழமை வாறன். அந்தச் சிவப்புப் பக்கத்தைக் கிழிச்சு வையுங்கோ. நான் பிரேம் போடப்போறன்."

ஒரு பெருமூச்சு

புதன்கிழமை மத்தியானம். ட்ரக் நாலு சில்லிலும் குகனின் வாசலில் நின்றது. இம்முறை ஜாக்கி இல்லை, தாங்கி இல்லை. நானும் மரியநாயகமும் பக்கத்துக்கு ஒருவராகக் கீழே போனோம்.

முதல் நட்டைத் தளர்த்தினேன். றப்பரிலிருந்து ஒரு முனகல் வந்தது, பலகைக் கட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தது போல. இரண்டாவது. மூன்றாவது. பின்பக்கத்தில் எட்டாவதைத் தளர்த்தியபோது முழு ட்ரக்கும் "ஹ்ஹூம்" என்று ஒரு நீண்ட சத்தத்தோடு எங்கள் மேல் இறங்கியது. மரியநாயகம் "மாதாவே" என்றார். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டே விரல் உயரம்தான். இருக்க வேண்டிய இடத்துக்கு ட்ரக் கடைசியில் வந்து இருந்துவிட்டது.

பம்பரைப் பிடித்து ஆட்டினோம். எழும்பியது, அமர்ந்தது, நின்றது. பிறகு பதினெட்டையும் மறுபடி இறுக்கினோம். டக். டக்.

குகன் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புதன்கிழமை அந்த நேரத்தில் எந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். கைத்தொலைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டே அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

மிச்சமிருந்தது கடினமான வேலை. அதற்கு ஒழுங்குமுறை எதுவும் இல்லை.

யோகம் தொலைக்காட்சிக்கு முன்னால் முதுகுக்குச் சூடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா ஏறிப் பார்த்திட்டன்" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்.

"அண்டைக்குப் பிழை ஸ்பிரிங்கிலை இல்லை. மரியநாயகத்திலையும் இல்லை."

"அப்ப?"

"என்னிலை."

யோகம் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"பிழை என்னிலை. நான் எழுதினதை நானே மீறிப்போட்டன்."

"கலியாணம் கட்டி நாப்பத்துநாலு வருசம்" என்றார் யோகம், யாரிடமென்று இல்லாமல். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "காய்ச்சல் ஏதும் இல்லைத்தானே? சரி. சனிக்கிழமை போவம். குலுக்கினால் அந்த இடத்திலையே திருப்ப வேணும்."

வடக்கே

மூன்று தலையணையோடு புறப்பட்டார். இடுப்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. லவாலைத் தாண்டி, பெருந்தெருவில் இரண்டு மணித்தியாலம். கடைசிக் கிராமத்துத் தெப்பனர் கடையில் ஐஸும் பாணும் வாங்கினோம். தார் முடிந்தது. கல்லுப் பாதை தொடங்கியது.

யோகம் கதவுக் கைபிடியைப் பிடித்தார். நான் மணிக்கு இருபதில் போனேன். பாதையைப் பார்த்தேன், அவருடைய கையைப் பார்த்தேன்.

முதல் கிலோமீட்டரில் அவர் கைபிடியை விடவில்லை. இரண்டாவதில், டொரன்டோவில் நடந்த ஒரு கலியாண வீட்டைப் பற்றித் தொடங்கினார். அங்கே மணமக்களை வாழ்த்த என்னை ஐந்து நிமிடத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேனாம்.

"தாம்பத்தியத்துக்கு ஏழு படி எண்டு எழுதிக்கொண்டு போனால், ஆர் இருந்து கேக்கிறது? பொம்பிளைப்பிள்ளை மாலையோடை நித்திரை தூங்கி விழுது."

"ஆறாம் படி முக்கியமானது."

"ஆறாம் படியோ! மாப்பிள்ளையின்ரை தாய் என்னட்டை வந்து, உங்கடை அவருக்கு மூச்சு விடுறதுக்கும் படி இருக்கோ எண்டு கேட்டவ. எனக்கு எங்கை முகத்தை வைக்கிறது?"

மாப்பிள்ளையின் தாயார் சொன்னதை நடித்துக் காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டன. அப்போதுதான் கவனித்தேன். கைபிடியில் கை இல்லை. ட்ரக் ஒரு பாறை மேல் ஏறி இறங்கியது. யோகத்தின் கைகள் காற்றில் தாயாராகவே இருந்தன.

நான் வேகத்தை முப்பதாக்கினேன். ஓடையில் இறங்கினோம். தண்ணீர் கதவடியில் சலசலத்தது. மறுகரையின் உருட்டுக் கற்களில் ஏறும்போது அவர் நான் உடுத்தியிருந்த வேட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை யாரும் இவ்வளவு நேரம் ஏசியதில்லை. நான் இவ்வளவு சந்தோசமாகக் கேட்டதும் இல்லை. ஒரு தலையணை முதுகிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்காமல் காலால் தள்ளிவிட்டு, கதையைத் தொடர்ந்தார்.

மரங்களுக்கிடையில் ஏரி தெரிந்தது. நான் நிறுத்தினேன்.

யோகம் கதையை நிறுத்தி, சுற்றிப் பார்த்தார்.

"வந்திட்டமே?" பிறகு, "றோட்டைத் திருத்திப்போட்டாங்கள் போல கிடக்கு" என்றார்.

மூன்று மாதக் கணக்கு, நாற்பத்துமூன்று பக்கம், லவால், ட்ரெய்லர், மரியநாயகம். வேறு எந்த நாளிலும் நான் இதற்குப் பதில் சொல்ல இருபத்தைந்து நிமிடம் எடுத்திருப்பேன். கதவைத் திறந்து, "இறங்கிப் பாரும்" என்று மட்டும் சொன்னேன்.

யோகம் இறங்கினார். யாரும் பிடிக்கவில்லை. வந்த பாதையில் கொஞ்ச தூரம் நடந்தார். மழைத் தண்ணீர் நிறைந்த குழிகள், இரண்டு குழிக்கிடையில் ஒரு குழி, நீட்டிக்கொண்டிருந்த பாறைகள். ஒரு குழிக்குள் செருப்போடு காலை விட்டுப் பார்த்தார். கணுக்கால் மறைந்தது. காலை எடுத்து உதறிவிட்டு அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு வந்து ட்ரக்கில் ஏறி, கதவைச் சாத்தினார்.

"திருப்புங்கோ."

"ஏன், நோகுதோ?"

"இல்லை. றோட்டு தொடங்கிற இடத்துக்குப் போங்கோ. நான் வழி முழுக்கக் கதைச்சுப் போட்டன், ஒண்டையும் கவனிக்கேல்லை. இந்த முறை வாய் திறக்காமல் வாறன்."

ஒன்பது கிலோமீட்டர் போனோம். தார் தொடங்கும் இடத்தில் ட்ரக்கைத் திருப்பி, அதே ஒன்பது கிலோமீட்டர் வந்தோம். யோகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கைகளை மடியில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு, படம் பார்ப்பவர் போல வந்தார். ஓடைக்குக் கிட்ட, பாதையிலேயே பெரிய குழியைக் கண்டு நான் ஸ்டியரிங்கை வெட்டப் பார்த்தபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"விலத்தாதேங்கோ" என்றார்.